பதினேழாம் வரிசை ஒன்பதாம் மரம்

ரப்பர் இந்த மண்ணில் வளராது என்று நான் சொன்னபோது பீட்டர் சிரித்தார். அவர் மார்த்தாண்டத்துக்காரர், ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், என் நிலத்தைக் கேட்டு வந்த ரப்பர் கம்பெனியின் தோட்ட அதிகாரி. வளரவேண்டும் என்று நாங்கள் வைக்கவில்லை, எது சாகாமல் நிற்கிறது என்று பார்க்கத்தான் வைக்கிறோம் என்றார். சாகட்டும் என்று மரம் நட வந்த ஆட்களை அன்றைக்கே வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் புத்தி மட்டு. கஜா புயல் என் முந்திரியை எல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எவன் வந்து கேட்டாலும் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுகிற மனசில் இருந்தேன். கொடுத்தேன்.

நிலம் திருவரங்குளத்திலிருந்து கிழக்கே நாலு கிலோமீட்டர். மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே கடப்பாரையை வளைக்கிற சொறிக்கல். மூன்று பக்கமும் தைலமரக்காடு. அது பூமியில் கொஞ்சநஞ்சம் இருக்கிற ஈரத்தையும் விடாமல் குடித்துவிடும். பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் காற்று வீசினாலே மூக்குக்குள் எரியும். ரப்பரைச் சாகடிக்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடைத்திருக்காது.

காவலுக்கும் களையெடுப்புக்கும் ஒரு குடும்பம் வேண்டும் என்றார்கள். ராக்கனைக் காட்டியது நான்தான். ராக்கன் எனக்குப் பங்காளி, தம்பி முறை. அவன் கூரை வீட்டையும் அதே புயல்தான் கொண்டுபோயிருந்தது. பள்ளிக்கூட வராந்தாவிலும் அங்கே இங்கேயும் ஒண்டிக்கொண்டிருந்தான். கம்பெனி தோட்டத்துக்குள்ளேயே தகரம் போட்டு இரண்டு அறை கட்டிக் கொடுத்தது. ராக்கனும் அவன் பெண்டாட்டி முத்துமாரியம்மாளும் மகள் வைஷ்ணவியும் ஆடு நாலையும் ஓட்டிக்கொண்டு குடிவந்தார்கள். மழை பெய்தால் தகரத்தில் பேச்சுக் கேட்காது. மழை எங்கே பெய்தது, அதனால் பேச்சு நன்றாகவே கேட்டது.

மொத்தம் நாற்பது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மரம். எல்லாம் ஒட்டுக்கன்று. ஒரு தாய்மரத்தில் கண் எடுத்து ஒட்டியது ஒரு வரிசை, வேறொரு தாய்மரத்தில் எடுத்தது அடுத்த வரிசை. ஆகையால் ஒரு வரிசையில் நிற்கிற பன்னிரண்டும் ஒரே மரம், பன்னிரண்டு இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். இதை எனக்கும் ராக்கனுக்கும் விளக்கியது ஹேமா. திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண்; பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது, படிப்பும், கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் உத்தியோகமும் சென்னையில். மூன்று மாதத்துக்கு ஒருதரம் காரில் வருவாள். ஒவ்வொரு மரத்திலும் ஓர் இளம் இலையைக் கிள்ளிக் கவரில் போட்டு, வரிசை எண்ணும் மர எண்ணும் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கி எடுத்துப்போவாள். இலைக்குள் டிஎன்ஏ இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறோம் என்பாள்.

ராக்கன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு அதைப் பார்த்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டான். அந்தப் பெண்ணுக்குக் கோபமே வராது. வரப்பில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஆட்டுக்குக் காதுல வெட்டி அடையாளம் வைப்பீங்கல்ல, எத்தனை மந்தையில கலந்தாலும் நம்ம ஆடுன்னு தெரியுற மாதிரி. மரத்துக்கு உள்ளயே அந்த மாதிரி அடையாளம் இருக்கு. மார்க்கர்னு சொல்லுவோம். தண்ணி இல்லாம தாங்குற மரத்துல எந்த மார்க்கர் இருக்குன்னு கண்டுபுடிச்சுட்டா போதும். அப்பறம் கன்னா இருக்கும்போதே எலையைப் பாத்து இது பொழைக்கும், இது பொழைக்காதுன்னு சொல்லிடலாம்."

"யாரு பெத்த மரம்னும் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். மனுஷங்களுக்கு அப்பா யாருன்னு பாக்குறாங்கல்ல, அதே டெஸ்ட்தான்."

ராக்கன் வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல, அவர்கள் வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது. எந்த ஆடு எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று மேடத்திடம் கேட்கலாமா என்று முத்துமாரியம்மாள் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு வருஷம் சொட்டுநீர் விட்டு வளர்த்தார்கள். கன்றெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. பிறகு ஒரு நாள் பீட்டர் வந்து போர் மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். இனிமேல் ஒரு சொட்டுக் கூடாது, எவனாவது ஊற்றியது தெரிந்தால் வேலையும் கிடையாது வீடும் கிடையாது என்று ராக்கனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து குடிக்கிற தண்ணீரைக்கூட முத்துமாரியம்மாள் அரை கிலோமீட்டர் நடந்து ரோட்டோரக் குழாயில் பிடித்து இடுப்பில் சுமந்தாள். ராக்கனுக்கு வேலை, எந்த மரம் வாடுகிறது, எது பட்டுப்போனது என்று போனில் படம் எடுத்து அனுப்புவது. ரப்பர் சாகிறது பார்க்க நன்றாக இருக்காது. இலை தொங்கும். அப்புறம் பட்டை வெடித்துப் பால் கசிந்து, கறுப்பாக நூல்மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும். மோட்டார் இருக்கிறது, கீழே தண்ணீரும் இருக்கிறது, பக்கத்தில் நின்று சாவதைப் படம் எடுக்கச் சொல்கிறார்களே அண்ணே என்று என்னிடம் வந்து புலம்புவான். சம்பளம் வருகிறதல்லவா, வாயை மூடிக்கொண்டு எடு என்பேன்.

வைஷ்ணவி தலைப்பிரசவத்துக்கு வந்தது அந்த வருஷம் மாசியில். அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாணம், புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி. ஆண் குழந்தை, சிவப்பாக, தலை நிறைய முடி. தகர வீடு சூடு தாங்காது என்று பகலெல்லாம் வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. டவுனுக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்து, ஏறி உட்கார்ந்து, திருவரங்குளம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் வகையறாவில் பால்குடி மறக்காத பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கமில்லை. பால் மரத்தடியில்தான் வைக்க வேண்டும். ஆலோ அத்தியோ எதுவானாலும் சரி, கீறினால் பால் வரவேண்டும். தாய்ப்பால் இல்லாமற் போன பிள்ளைக்கு அந்த மரம் பால் கொடுக்கும் என்பது பெண்கள் சொல்வது. ஊரில் இருந்த ஆலமரம் ஒன்றைப் புயல் சாய்த்தது, இன்னொன்றை ரோடு அகலப்படுத்துகிறேன் என்று வெட்டிவிட்டார்கள். பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் ராக்கன் நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முத்துமாரியம்மாள்தான் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்ற ரப்பர் மரத்தைக் கீறினாள். வெள்ளையாகப் பால் இறங்கியது. இதுவும் பால் மரந்தானே, பிள்ளை கண்ணெதிரேயே கிடக்கட்டும் என்றாள். கம்பெனி, கையெழுத்து, ஒன்றும் அந்த நேரத்தில் ஒருத்தர் தலையிலும் ஏறவில்லை. கிழக்குப் பக்கம் வேர் தட்டாத, கல் கொஞ்சம் இளகின இடமாகப் பார்த்து நானும் ராக்கனும் இடுப்பளவு குழி வெட்டினோம். பதினேழாம் வரிசை, ஒன்பதாம் மரம்.

அதற்கப்புறம் வைஷ்ணவிக்குப் பால் கட்டிக்கொண்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியும் வற்றவில்லை. கண்ட இடத்தில் பீய்ச்சி யாராவது மிதிக்கக்கூடாது என்று டம்ளரில் பிடித்து அந்த மரத்தடியில் ஊற்றினாள். நாற்பது நாள் போல ஊற்றினாள். பால் நின்றபிறகு தண்ணீர். காலையில் ஆறு மணிக்கு ஒரு குடம். குழாய்க்குப் போய்ச் சுமந்துகொண்டு வந்து ஊற்றி, மேலே சருகை இழுத்து மூடிவிடுவாள். ராக்கன் ஒரே ஒருதரம் கேட்டிருக்கிறான், கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் ஆத்தா என்று.

"அதுக்காகப் பச்சப்புள்ள வாய் காயட்டுமாப்பா?"

அதோடு அவன் கேட்பதை விட்டுவிட்டான். புருஷன்காரன் இரண்டுமுறை வந்தான், அப்புறம் போன் மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. வைஷ்ணவி முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வறுத்த கொட்டையைக் கட்டை வைத்துத் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்கவேண்டும். ஓட்டு எண்ணெய் பட்டுக் கைத்தோல் கறுத்து உரிந்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பாள். சாயங்காலம் அந்தக் கையோடு பழைய சோற்றைப் பிசைய முடியாது, ஆத்தாள்தான் பிசைந்து உருட்டிக் கொடுப்பாள். இருபத்துமூன்று வயசுப் பெண்ணுக்கு.

மூன்று கோடை போயிற்று. நானூற்று எண்பதில் பாதிக்குமேல் பட்டுப்போனது, மிச்சம் இலை உதிர்ந்து உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. பதினேழாம் வரிசை முழுக்கக் குச்சியாக நின்றது, ஒன்பதாம் மரத்தைத் தவிர. அது மட்டும் பச்சைப் பசேலென்று, போகிறவன் வருகிறவன் கண்ணைக் குத்துகிற மாதிரி. இதை மறைக்க முடியுமா? போன மாசியில் ஹேமா வந்தவள் அந்த மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒரே மரம் பன்னிரண்டு இடத்தில் நிற்கிறது, பதினொன்று செத்து ஒன்று எப்படிப் பிழைக்கும் என்று கேட்டாள். கன்று மாறி வந்திருக்கலாம், இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ராக்கனைப் பார்த்து யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கேட்டாள். அவன் கல்லுளிமங்கன் மாதிரி நின்றான். என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கய்யா. உங்க நிலம், உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"மனுசன் குடிக்கவே தண்ணி இல்லாத காடும்மா இது. மரத்துக்கு எவன் ஊத்தப்போறான்?"

பொய்யைக் கூசாமல் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குத்தகை ஆனியோடு முடிகிறது. தாங்குகிற மரம் ஒன்று கிடைத்துவிட்டால் இங்கேயே நாற்றுப்பண்ணை வைக்கப்போவதாகப் பீட்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வருஷக் குத்தகை, ராக்கனுக்கு மேஸ்திரி வேலை நிரந்தரம், தகரத்துக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு. ராக்கனுக்கு அதுதான் உயிர். பள்ளிக்கூட வராந்தாவில் மகளையும் பெண்டாட்டியையும் படுக்கவைத்து இவன் குத்தவைத்து விழித்திருந்ததை அவன் மறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஹேமா போன் பண்ணினாள். இலையில் வித்தியாசமே இல்லை, பன்னிரண்டும் ஒன்றுதான், கன்று மாறவில்லை என்றாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவள் குரலில் சந்தோஷம். ஒட்டுமரத்தில் மேலே இருக்கிறதுதான் ஒன்று, அடியில் வேர் இருக்கிறதே, அது ஒவ்வொன்றும் வெவ்வேறு கொட்டையில் முளைத்த செடி என்றாள். ஆகவே ரகசியம் வேரில்தான் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறோம், பக்கவாட்டில் ஆறடி தோண்டி வேர் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும், வேரை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், ராக்கனிடம் கடப்பாரை எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

ராக்கன் அன்றைக்குச் சாப்பிடாமல் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். தண்ணீர் ஊற்றியதைச் சொல்லிவிட்டால் தோண்டமாட்டார்கள், பிள்ளை தப்பும், வீடும் வேலையும் போகும். சொல்லாவிட்டால் வீடு தப்பும், பிள்ளையைத் தோண்டுவார்கள். இதைத்தான் அவன் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பெரிய மனுஷன் அல்லவா, யோசனை சொன்னேன். முன்னாடியே நாம் எடுத்து வேறு மரத்தடியில் வைத்துவிடுவோம், ஒருத்தருக்கும் தெரியவேண்டாம் என்றேன். இந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம், வைஷ்ணவி கொட்டகைக்குப் போயிருந்த நேரம், இரண்டுபேரும் போனோம். ராக்கன் துண்டை விரித்து வைத்துவிட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்து சின்னக் கரண்டியால் தோண்டினான். கடப்பாரை போட அவனுக்கு மனசு வரவில்லை. இடுப்பளவு போயும் ஒன்றும் வரவில்லை. ஒரே வேர், வெள்ளை வெள்ளையாக. சேலைத்துணி நைந்த தடம்கூட இல்லை. அள்ளிப்போட்ட மண்ணை மாவு சலிக்கிற சல்லடை எடுத்துவந்து சலித்தான். பிடி பிடியாகச் சலித்தான். வெயில் முதுகை உரித்தது.

"ஒண்ணுமில்லண்ணே" என்றான். "பால்மணம் மாறாத எலும்பு, அப்புடியே கரைஞ்சுபோச்சு போல."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கும் வந்தது, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. அப்புறம் என்ன, ஒன்றுமில்லாத இடத்தைத் தோண்டினால் தோண்டிவிட்டுப் போகட்டும் என்று பேசிக்கொண்டே குழியை மூடிச் சருகைப் பரப்பினோம். முத்துமாரியம்மாள் மட்டும் வைஷ்ணவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றாள்.

"சொன்னா விடமாட்டா" என்றான் ராக்கன். "விடாட்டி நாம எங்கிட்டுப் போறது? நீயே சொல்லு, போறேன்."

முத்துமாரியம்மாள் தகரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குக் கருவாட்டுக்குழம்பு. ராக்கன் இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான் என்று பிற்பாடு அவள் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், வைஷ்ணவி கொட்டகைக்குப் போகிற வழியில் என் வீட்டுப் படலோரம் நின்றாள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம் இருக்கும்.

"பெரியப்பா, இன்னைக்கு அப்பாவே தண்ணி ஊத்துறேன்னு சொல்லிருச்சு. நீ சீசன் வேலையப் பாரு, சீக்கிரம் கெளம்பு, பேரனுக்கு நான் ஊத்துறேன்னுச்சு. கொடத்தக்கூட அதுதான் தூக்கிட்டு வந்துச்சு."

வாயில் பற்பொடி இருந்தது நல்லதாயிற்று. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கையை வீசிக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. பீட்டர், ஹேமா, கூட வெட்டு ஆட்கள் நாலுபேர். நேற்று கிளறிய மண் தெரிந்துவிடும் என்று ராக்கன் மேற்குப் பக்கம் தோண்டலாம், அங்கிட்டுத்தான் நிழல் என்று காட்டினான். இரண்டடி போனதும் சொறிக்கல். கடப்பாரை தீப்பொறி விட்டது. இரண்டு மணி நேரம் இடித்துப் பார்த்தார்கள். பீட்டர் பொறுமையில்லாமல் மரத்தைச் சுற்றி வந்தவர் கிழக்குப் பக்கம் பூட்ஸ் காலால் அழுத்தினார். இங்கே மண் இளக்கமாக இருக்கிறதே, இதை விட்டுவிட்டுக் கல்லில் ஏன் மோதுகிறீர்கள் என்றார். உடும்பு நோண்டியிருக்கும் என்று ராக்கன் சொன்னான். சொல்லிவிட்டு, வெட்டு ஆட்களை விலகச் சொல்லித் தானே மண்வெட்டியை வாங்கிக் குழிக்குள் இறங்கினான். அந்நியன் கை படவேண்டாம் என்று நினைத்திருப்பான். நான் மேட்டில் நின்றேன். முத்துமாரியம்மாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நாலடி ஆழத்தில் ஹேமா நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானும் குழிக்குள் இறங்கினாள். மற்ற இடத்தில் எல்லாம் விரல் தடிமனில் ஒன்றிரண்டு வேர் ஓட, அந்த இடத்தில் மட்டும் மயிர்மாதிரி வெள்ளை வேர் ஆயிரம் பின்னிக்கொண்டு, ஒரு முழ நீளத்துக்கு மெத்தையாகக் கிடந்தது. நீளம் ஒரு முழம், அகலம் ஒரு சாண். ராக்கன் அந்த அளவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹேமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இதுதான், இத்தனை வருஷம் இதைத்தான் தேடினோம் என்று பீட்டரிடம் சொன்னாள். கத்தரியால் கொத்துக் கொத்தாக வெட்டிக் கவரில் போட்டாள். 17/9 என்று எழுதி எழுதி, ஐஸ் பெட்டியில் வைக்க மேலே பீட்டரிடம் நீட்டினாள். ஏழெட்டுக் கவர் இருக்கும்.

எட்டாவது கவரை வாங்கப் பீட்டர் கை நீட்டும்போது வைஷ்ணவி வந்து நின்றாள். கொட்டகையில் யாரோ, உங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தைத் தோண்டுகிறார்களாமே என்று சொல்லியிருக்கிறார்கள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை சாம்பலும் கறுப்புமாக இருந்தன. குழியைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். கவர்களைப் பார்த்தாள். மேடம் என்ன எடுக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். ஹேமா பாவம், சிரித்த முகத்தோடு வேர் என்றாள்.

"அந்த வேருல எம்புள்ள இருக்கானா மேடம்?"

ஹேமாவுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தைலமரத்தைப் பார்த்தேன்.

"பத்தொம்பது நாள் புள்ள. மூணு வருசத்துக்கு முன்னாடி, நீங்க நிக்கிறீங்களே, அந்த எடத்துலதான் வச்சோம். நாப்பது நாளு என் பாலை ஊத்துனேன். அதுக்கப்பறம் தெனமும் ஒரு கொடம் தண்ணி. இந்த வேரு அதைக் குடிச்சுத்தான் வளந்துச்சு. எலையைப் பாத்தே யாரு பெத்த மரம்னு சொல்லிருவீங்கன்னு அப்பா சொல்லும். இந்த வேரைச் சோதிச்சா எம்புள்ள தெரிவானா?"

வெட்டு ஆட்களில் ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். ஹேமா குழியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"இல்லம்மா. மரத்தோடது மட்டுந்தான் தெரியும்."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூடத் தெரியாது."

அத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ ஆறியிருக்கும். ராக்கன் குழிக்குள் நின்றபடி வாயைத் திறந்தான். ஆறுதல் சொல்கிறதாக நினைத்துத்தான் சொன்னான்.

"அதுல ஒண்ணுமில்லத்தா. நான் நேத்தே நோண்டிப் பாத்துட்டேன். மண்ணச் சலிச்சுக்கூடப் பாத்துட்டேன். அங்க ஒண்ணுமே இல்ல. நீ வெசனப்படாத."

வைஷ்ணவி அவனையே பார்த்தாள். நேற்றா என்று கேட்டாள். ஆமா என்றான். அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது, மண்வெட்டியை விட்டுவிட்டான். அவள் என் பக்கம் திரும்பிப் பெரியப்பாவுமா என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, அழவுமில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து முத்துமாரியம்மாள் மாரில் அடித்துக்கொள்கிற சத்தம்தான் வந்தது.

ஹேமா எட்டுக் கவரையும் குழிக்குள் அவிழ்த்துக் கொட்டினாள். நோட்டில் 17/9 என்பதன் மேல் கோடு போட்டு, தண்ணீர் ஊற்றப்பட்ட மரம் என்று எழுதினாள். அவள் அப்படித்தான் எழுத முடியும், அந்த மரத்தின் மூன்று வருஷக் கணக்கும் அதோடு போயிற்று. காரில் ஏறும்முன் என்னிடம் வந்து, நான் கேட்டபோதே சொல்லியிருந்தால் இந்த மரத்தை நான் தொட்டிருக்கவே மாட்டேனே ஐயா என்றாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

பதினைந்து நாளில் ராக்கனுக்குக் கடிதம் வந்தது. நாற்றுப்பண்ணை வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. வேர் அறுந்த மரம் சித்திரையைத் தாங்கவில்லை, இலை தொங்கிப் பால் கசிந்து மற்றதைப்போலவே செத்தது. குத்தகை முடிந்ததும் ஒப்பந்தப்படி நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று கம்பெனி ஜேசிபி அனுப்பியது. ஒன்றரை நாளில் நானூற்று எண்பதும் குவியலாகக் கிடந்தன. பதினேழாம் வரிசைக்கு வரும்போது நான் ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ராக்கன் இப்போது திருக்கோகர்ணத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கிறான். போன மாதம் போனில் அழுதான். அன்றிலிருந்து வைஷ்ணவி தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சோறு போடுகிறாள், வேட்டி துவைத்துப் போடுகிறாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிவந்து வைக்கிறாள், பேச மட்டும் மாட்டேன் என்கிறாள், நீங்கள் வந்து சொல்லுங்கள் அண்ணே என்றான். நான் டவுன் பஸ் ஏறிப் போனேன். முத்துமாரியம்மாள் மண்டபத்துக்குப் பாத்திரம் விளக்கப் போயிருந்தாள். ராக்கன் என்னைக் கண்டதும் வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டான்.

வைஷ்ணவி வாங்க பெரியப்பா என்றாள். பாய் விரித்து உட்காரவைத்து டீ போட்டுக்கொண்டு வந்தாள். கைத்தோல் தெளிந்து வந்திருந்தது. அவன் வேணும்னு செய்யலை ஆத்தா, ஒங்கள நடுத்தெருவுல விடக்கூடாதுன்னுதான் செஞ்சான், யோசனை சொன்னவன் நான், திட்டுறதுன்னா என்னையத் திட்டு என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பாயோரம் வைத்தேன். நானும் கூட இருந்து பார்த்தேன் ஆத்தா, அங்கே உண்மையாகவே ஒன்றும் இல்லை, சத்தியமாக ஒன்றும் இல்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாத எடத்துக்கா பெரியப்பா நான் மூணு வருசம் தண்ணி ஊத்துனேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெருவில் ராக்கன் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"டீ ஆறுது, குடிங்க" என்றாள்.